நூறு வெள்ளிக்கு என்ன டயர் வாங்கலாம்?

மழை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மாக் மண்டின் தொழிற்பேட்டைச் சாலையில் வீட்டுப் பக்கம் இடதுபுறமாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்சக்கரம் சாலையின் வெள்ளைக் கோட்டைத் தொட்டது. அடுத்த நொடி நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். பின்னால் வந்த லாரி பிரேக் போட்டு நின்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஓட்டுநர் இறங்கி வந்து சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்ததும் முழங்காலில் இரத்தம் கசிந்ததும் அவர் போன பிறகுதான் தெரிந்தது.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நான் ஓட்டியது மவுண்டன் பைக். டயர் முழுக்க விரல்நுனிப் பருமனுக்கு ரப்பர் முண்டுகள். காட்டுப் பாதையில் சேற்றையே கவ்விப் பிடிக்கும் என்று சொல்லித்தான் பழைய சைக்கிளை என்னிடம் விற்றார்கள். அந்த டயர் ஈரத் தார்ச்சாலையில் எப்படி என்னைக் கீழே போட்டது?

பருவ விடுமுறையில் ஜோர்ஜ்டவுனில் ஒரு கடையில் பகுதிநேர வேலை எனக்கு. வீட்டிலிருந்து பட்டர்வொர்த் பெர்ரி முனையம் வரை சைக்கிள், பிறகு சைக்கிளோடு பெர்ரி, அக்கரையில் இறங்கி மறுபடியும் மிதி. 2023 ஆகஸ்டில் வந்த புதிய பெர்ரிகளில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம் என்பதால் இது சாத்தியமாயிற்று. விடுமுறை முடிந்து நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும்போது சைக்கிள் என் தம்பிக்குப் போகும் என்பது ஏற்பாடு. அவன் இரண்டாம் படிவம் படிக்கிறான். சைக்கிளில் பள்ளிக்குப் போனால் மாதாமாதம் வேன் கட்டணம் மிச்சம்.

நான் விழுந்த அன்று இரவு அம்மா அந்த ஏற்பாட்டை ஒரே வரியில் முடித்துவிட்டார். "இந்த டயரோட அவன் கையில சைக்கிளக் கொடுக்காத." என்னிடம் அப்போது மீதமிருந்தது நூறு வெள்ளி.

இந்தக் கட்டுரை அந்த நூறு வெள்ளியைப் பற்றியது. நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒரு மலைச் சைக்கிள் கிடக்கிறது. மலைக்கு அது போனதே இருக்காது. பள்ளிக்கும் கடைக்கும் திடலுக்கும்தான் போகும்.

முண்டு அதிகம் என்றால் பிடிப்பு அதிகமா?

டயரின் மேல்புறத்து வெட்டுகளை மலாயில் 'பூங்ஙா தாயார்' என்பார்கள், டயர்ப் பூ. (தமிழ்க் காதுக்கு அந்தத் 'தாயார்' கொஞ்சம் வேடிக்கையாகத்தான் விழும்.) காரில் அந்தப் பூ தேய்ந்தால் ஆபத்து என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது சரி. கார் டயர் அகலமானது, தட்டையானது. வேகமாகப் போகும்போது அடியில் நீர் சிக்கிக்கொண்டு காரையே தண்ணீரின் மேல் மிதக்க வைத்துவிடும். நீரை வெளியே தள்ளத்தான் அந்தப் பள்ளங்கள்.

சைக்கிள் டயர் அப்படியில்லை. அது ஒடுங்கியது, வளைந்தது. படகின் அடிப்பாகம் போல நீரைப் பிளந்துகொண்டு போகும். விமானச் சக்கரங்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால், நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் கடல்மைல் கணக்கில் கிடைக்கும். 40 பிஎஸ்ஐ காற்றுள்ள டயருக்கு அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. மாக் மண்டினில் நான் போன வேகம் அதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம்.

அப்படியானால் தார்ச்சாலையில் சைக்கிளைப் பிடித்து நிறுத்துவது எது? ரப்பர் எவ்வளவு இடத்தில் சாலையைத் தொடுகிறது என்பதுதான். இயற்பியல் பாடத்தில் படித்ததை வைத்தே பார்க்கலாம்: எடையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு. நானும் சைக்கிளும் சேர்ந்து ஏறக்குறைய 65 கிலோ. அதில் முன்சக்கரத்தின் பங்கு 26 கிலோ என்று வைத்துக்கொண்டால், 40 பிஎஸ்ஐ காற்றில் முன்டயர் சாலையைத் தொடும் இடம் சுமார் 9 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியில் பாதி. நான் அந்தப் பாதித் தீப்பெட்டியின் மேல்தான் திரும்பினேன்.

முண்டு டயரில் அந்தச் சிறிய இடத்திலும் நான்கைந்து முண்டுகளின் தலைகள் மட்டுமே சாலையைத் தொடுகின்றன. திரும்பும்போது எடை பக்கவாட்டில் போக, உயரமான அந்த முண்டுகள் சேற்றில் புதைய வழியில்லாமல் சாய்ந்து வளைகின்றன. அதோடு நான் ஒரு முட்டாள்தனமும் செய்திருந்தேன்: டயர் கல்லாக இருந்தால் வேகமாக ஓடும் என்று எண்ணி, பம்பு தாங்கும் மட்டும் காற்றடித்திருந்தேன். அழுத்தம் கூடினால் தொடும் பரப்பு இன்னும் சுருங்கும். ஈரமான சாயக் கோட்டில் எந்த டயரும் வழுக்கக்கூடியதுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் வழுக்கத் தேவையான எல்லாவற்றையும் நானே முன்கூட்டித் தயார் செய்து வைத்திருந்தேன்.

அந்த முண்டுகள் வீண் அலங்காரம் என்று சொல்ல வரவில்லை. அவற்றுக்குரிய இடம் வேறு. 1976 அக்டோபர் 21ஆம் நாள் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே, செங்குத்தான ஒரு மண்பாதையில் சில இளைஞர்கள் சைக்கிளில் கீழிறங்கும் பந்தயம் வைத்தார்கள். இன்றைய மவுண்டன் பைக் பிறந்த இடங்களில் அதுவும் ஒன்று. பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கிலிருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் திறந்து புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர். அவர்கள் ஓட்டியது 1930, 40களில் வந்த பழைய கனத்த சைக்கிள்கள். அவற்றை ஏன் தேடிப்பிடித்தார்கள்? டயருக்காக. அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் 1933இல் கொண்டுவந்த 26 × 2.125 அங்குல 'பலூன்' டயர் அவற்றில் இருந்தது. மெல்லிய பந்தய டயர் அந்தப் பாதையில் நிமிடத்தில் கிழிந்துபோகும். மலைச் சைக்கிளின் சட்டமும் கியரும் பிறகு வந்தன. முதலில் வந்தது தடித்த டயர்தான். 26 அங்குலம் என்ற அளவும் அங்கிருந்தே ஒட்டிக்கொண்டது.

26 என்றால் எந்த 26?

நூறு வெள்ளியைத் தொடுவதற்கு முன்பே 38 வெள்ளி போய்விட்டது. விழுந்த மறுநாள் இணையத்தில் தேடி, '26 அங்குலச் சாலை டயர்' என்று கண்ட ஒன்றை உடனே வாங்கிவிட்டேன். வந்தது. ரிம்மில் போட்டேன். பெரிய வளையலைச் சின்னக் கையில் போட்டது போல ஆடியது. திருப்பி அனுப்பவும் முடியவில்லை. தவறு என்னுடையது, பெட்டியில் அளவு தெளிவாகத்தான் போட்டிருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

நான் வாங்கியது 26 × 1 3/8. என் சைக்கிளுக்கு வேண்டியது 26 × 1.95. ஒன்று பின்னம், மற்றது தசமம். பழைய கணக்குகளிலிருந்து வந்த இரண்டு வேறு குடும்பங்கள். இரண்டுக்கும் 26 என்று பெயர் இருந்தாலும் ரிம் ஒன்றல்ல. இந்தக் குழப்பத்துக்காகவே டயரின் பக்கச்சுவரில் இன்னொரு எண் அச்சிட்டிருப்பார்கள்: 50-559 என்பது போல. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, டயரின் ஓரம் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம், அதுவும் மில்லிமீட்டரில். இந்த இரண்டாவது எண் பொருந்தாவிட்டால் டயர் பொருந்தாது.

தசமக் குடும்பத்து மலைச் சைக்கிளின் 26 அங்குலம் 559. நான் வாங்கிய பின்னக் குடும்பத்து 26 × 1 3/8 என்பது 590. இப்போது கடைகளில் அதிகம் தெரியும் 27.5 அங்குலம் 584; 29 அங்குலம் 622. இதில் ஒரு வேடிக்கை, 29 அங்குல மலைச் சைக்கிளின் ரிம் விட்டமும் பந்தயச் சைக்கிளின் 700சி ரிம் விட்டமும் ஒன்றே, 622. பெயர்கள்தான் வெவ்வேறு. எங்கள் வீட்டு அஞ்சடியில் தாத்தாவின் பழைய ராலே சைக்கிள் சாய்ந்திருக்கிறது. குனிந்து அதன் டயரைத் துடைத்துப் பார்த்தேன்: 28 × 1 1/2, பக்கத்தில் 635. பெயரில் 28 என்றிருக்கும் அந்தச் சக்கரத்தின் ரிம், 29 என்று விற்கும் புதிய சக்கரத்தின் ரிம்மைவிடப் பெரியது!

ஆகவே கடைக்குப் போகுமுன் உங்கள் பழைய டயரின் பக்கச்சுவரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது 38 வெள்ளிப் பாடம், உங்களுக்கு இலவசம்.

கடையில்

பட்டர்வொர்த்தில் ஒரு பழைய சைக்கிள் கடை. சீன அங்கிள் ஒருவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மலாயும் கொஞ்சம் தமிழுமாகப் பேசுவார். தம்பியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உடன் வந்தான். அங்கிள் முன்டயரை ஒருமுறை சுற்றிவிட்டுப் பார்த்தார்.

"தங்கச்சி, இது எங்க ஓட்டுறது?"

"ரோட்லதான் அங்கிள். இனிமே இவன் ஸ்கூலுக்கு."

"காடு போறதில்ல?"

நான் இல்லை என்றேன். தம்பி அதே நேரத்தில் ஆமாம் என்றான். அவனும் நண்பர்களும் சனிக்கிழமைகளில் புக்கிட் மெர்தாஜாம் செரோக் தோக்குன் பக்கம் போகத் திட்டம் வைத்திருக்கிறார்களாம்; எனக்கு அப்போதுதான் தெரியும். அவனுக்குப் பிடித்தது சுவரில் தொங்கிய, இருப்பதிலேயே பெரிய முண்டு டயர். 2.35 அகலம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. அங்கிள் அதை எடுத்துச் சைக்கிளின் பின்கவட்டில் வைத்துக் காட்டினார். இரு பக்கமும் விரல் நுழைய இடமில்லை. சட்டம் அனுமதிக்கும் அகலத்துக்கு மேல் டயர் போட்டால், கொஞ்சம் சேறு ஒட்டினாலே சக்கரம் உரசி நிற்கும்.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மழைக்குப் பின் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டுபவருக்கு உயரமான, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் முண்டுகள் வேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு இடையில் அப்பிக்கொண்டு டயர் வழுவழுப்பான உருண்டையாகிவிடும். காய்ந்து இறுகிய மண்ணுக்குத் தாழ்வான, நெருக்கமான முண்டுகள் போதும். கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் உள்ளது போன்ற, வேர்களும் கற்களும் நிறைந்த பாதைக்கு மென்மையான ரப்பர் நல்லது. அதே மென்ரப்பரைத் தாரில் தினமும் ஓட்டினால் சில மாதத்தில் தேய்ந்துவிடும். பள்ளிக்கும் கடைக்கும் என்றால் நடுவில் தொடர்ச்சியான வழுவழுப்பான பட்டை உள்ள டயர். தாரும் மண்ணும் கலந்து ஓட்டுபவருக்கு, நடுவில் பட்டையும் ஓரங்களில் சிறு முண்டுகளும் உள்ள வகை. நேராகப் போகும்போது பட்டை ஓடும். மண்ணில் சாயும்போது ஓரத்து முண்டுகள் பிடிக்கும்.

இரண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர்தான் வேண்டும் என்பதும் இல்லை. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுவதுதான். என் முழங்காலே சாட்சி. ஆகவே அதிகப் பிடிப்புள்ள டயர் முன்னால். எடையும் மிதிக்கும் விசையும் பின்னால் விழுவதால் பின்டயர் சீக்கிரம் தேயும். அங்கே வழுவழுப்பான, கெட்டியான டயர் போதும். தேய்ந்த பின்டயரை முன்னுக்கு மாற்றிவிட்டுப் புதியதைப் பின்னால் போடும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அங்கிளுக்கு அது அறவே பிடிக்கவில்லை. புதியது எப்போதும் முன்னால், முன்னால் இருந்தது பின்னால் என்றார்.

மாக் மண்டின் பினாங்கின் பழைய தொழிற்பேட்டைகளில் ஒன்று. இங்கே ஓட்டுபவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பட்டறைகளிலிருந்து சிந்தும் இரும்புச் சுருள்கள், வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் ஊசி போன்ற கம்பிகள். டயர் உறையில் 30, 60, 120 என்று போட்டிருப்பது ஓர் அங்குலத்தில் எத்தனை நூலிழை என்ற கணக்கு. எண் கூடினால் இழை மெல்லியது. டயர் இலேசாகவும் நெகிழ்வாகவும் இருக்கும், விலையும் ஏறும். ஆனால் கம்பிக்குப் பயப்படும் நமக்கு அதைவிட முக்கியம், மேல்ரப்பருக்கு அடியில் பஞ்சர் தடுக்கும் பட்டை வைத்திருக்கிறார்களா என்பது. அதேபோல மடித்து வைக்கும் டயரும் உண்டு, ஓரத்தில் இரும்புக் கம்பி வைத்த டயரும் உண்டு. மடிக்கும் வகை எடை குறைந்தது, விலை கூடியது. பள்ளிக்குப் போகிறவனுக்கு நூறு இருநூறு கிராமில் என்ன வந்துவிடப் போகிறது? கம்பி வைத்ததையே எடுத்தோம்.

முன்னுக்கு 26 × 1.95, நடுப்பட்டையும் ஓரமுண்டும் உள்ளது. பின்னுக்கு 26 × 1.75, மேலோட்டமான பள்ளங்கள் மட்டும். ஒவ்வொன்றும் 32 வெள்ளி. தம்பியின் முகம் சுருங்கியது. "பின்னாடி பாத்தா கிழவன் சைக்கிள் மாதிரி இருக்குக்கா." இருக்கட்டும்.

டயரின் பக்கச்சுவரில் ஓர் அம்புக்குறி இருந்தது. சக்கரம் சுற்றும் திசையைக் காட்டுவது. அதைப் பார்க்காமல் மாட்டினால் கழற்றி மறுபடியும் போட வேண்டும்.

பாட்டி முகர்ந்து பார்த்த டியூப்

டியூப் வாங்கும்போது மூன்று கேள்வி. முதலாவது அளவு. உறையில் 26 × 1.75–2.125 என்று ஒரு வரம்பு போட்டிருக்கும். டயரின் அகலம் அதற்குள் அடங்க வேண்டும். சின்ன டியூப்பைப் பெரிய டயரில் போட்டால் பலூன் போல இழுபட்டு மெலிந்துவிடும். பெரியதைச் சின்னதில் திணித்தால் மடிப்பு விழும், அந்த மடிப்பே பின்னர் கிழியும். எங்கள் இரண்டு டயரும் ஒரே வரம்புக்குள் வந்ததால் ஒரே வகை டியூப் இரண்டுக்கும் பொருந்தியது.

இரண்டாவது வால்வு. மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு ஷ்ரேடர். மெல்லிய, நுனியில் திருகு உள்ளது பிரெஸ்டா. தாத்தாவின் சைக்கிளில் இருப்பது மூன்றாவது வகை, பழைய வுட்ஸ் வால்வு. தடித்த ஷ்ரேடர் வால்வு பிரெஸ்டாவுக்குத் துளைத்த ரிம்மில் நுழையாது. மெல்லிய பிரெஸ்டா பெரிய துளையில் நுழையும், ஆனால் ஆடிக்கொண்டே இருந்து அடியில் கிழியும். எங்கள் ரிம் ஷ்ரேடருக்குரியது. எண்ணெய் நிலையத்திலும் காற்றடித்துக்கொள்ளலாம் என்பதால் பள்ளி மாணவனுக்கு அதுவே வசதி.

மூன்றாவது, எதனால் செய்த டியூப்? இதை நான் கடையில் கேட்கவில்லை. கேட்க வைத்தவர் பாட்டி.

வாங்கி வந்ததை வரவேற்பறையில் பரப்பி வைத்திருந்தேன். பாட்டி ஒரு டியூப்பை எடுத்து இரு கையாலும் இழுத்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "இது நம்ம பால் இல்லையே," என்றார். பாட்டி கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, மங்கு கவிழ்த்து, ஒட்டுப்பால் பொறுக்கிய கை அது. அந்தக் கைக்குத் தெரியாதா?

தேடிப் பார்த்தேன். பாட்டி சொன்னது சரி. இன்று சாதாரணமாக விற்கும் கறுப்பு டியூப் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர். பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் ஐசோபியூட்டலீன் வாயுவே அதன் மூலப்பொருள். 1937இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆய்வகத்தில் ஸ்பார்க்ஸ், தாமஸ் என்ற இருவர் உருவாக்கினார்கள். மரத்துப் பாலில் செய்த ரப்பர் இழுவைக்குப் பேர்போனது, ஆனால் காற்று அதன் வழியாக மெல்ல மெல்லக் கசிந்துவிடும். பியூட்டைலின் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் கசிவு பல மடங்கு குறைவு. இயற்கைப் பாலில் செய்த லேடெக்ஸ் டியூப் இன்றும் உண்டு, பந்தயக்காரர்கள் விரும்புவது. நெகிழ்வானது, இலேசாக உருளும், ஆனால் தினமும் காற்றடிக்க வேண்டும்.

படிக்கப் படிக்க எனக்கு விசித்திரமாக இருந்தது. 1888இல் ஜோன் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன், 1877இல், பிரேசில் விதைகளிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்திருந்தன. முதலில் சைக்கிளும் பிறகு மோட்டார் காரும் டயர் கேட்கக் கேட்க, மலாயாவில் காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்கள் எழுந்தன; அந்தத் தோட்டங்களுக்குத்தான் நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். டயரின் மேல்ரப்பரில் இன்றும் மரத்துப் பால் கலக்கிறது. உள்ளே காற்றைப் பிடித்து வைக்கும் டியூப்பிலிருந்து மட்டும் அது வெளியேறிவிட்டது.

அதற்கு ஒரு போரும் காரணம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அதே மாதம் 19ஆம் நாள் பினாங்கு அவர்கள் கையில். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் விழுந்தது. அந்தப் படையில் பெரும்பகுதி தெற்கே இறங்கியது சைக்கிளில். படைத் திட்டங்களை வகுத்த அதிகாரி சுஜி மசனோபு பிறகு எழுதிய நூலில் சைக்கிள்களைப் பற்றியே சொல்லியிருக்கிறார்: வெயில் சூட்டில் டயர்கள் வெடித்துக்கொண்டே இருந்ததாம், பழுதுபார்ப்பதற்கென்றே ஒவ்வொரு கம்பெனியிலும் ஆட்கள் இருந்தார்களாம், ஒட்ட நேரமில்லாதபோது டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். இரவில் தார்ச்சாலையில் நூற்றுக்கணக்கான இரும்பு ரிம்கள் உருளும் சத்தத்தை டாங்கிகள் வருவதாக எதிர்த்தரப்பு நினைத்தது என்றும் எழுதுகிறார். சாலைக்கு இருபுறமும் பால்மரங்கள். நடுவில் ரப்பர் இல்லாமல் ஓடும் சைக்கிள்கள். மலாயாவின் ரப்பர் கைவிட்டுப் போனதும் அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை அவசரமாக எழுப்பியது. பியூட்டைல் டியூப்புகள் பெருமளவில் வந்தது அப்போதுதான்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். ஜப்பான்காரன் சைக்கிளைப் பற்றித் தன் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. டியூப்பை உறையில் மடித்து வைத்தார்.

டியூப்பே இல்லாத முறையும் இருக்கிறது. 1999 முதல் மலைச் சைக்கிளில் பரவியது. காற்றுப் புகாத ரிம், அதற்கேற்ற டயர், உள்ளே சிறிது திரவம். முள் குத்தினால் திரவம் ஓடிவந்து ஓட்டையை அடைக்கும். அந்தத் திரவங்களில் பல, அம்மோனியா கலந்த லேடெக்ஸ். தோட்டத்துப் பால் உறையாமலிருக்க அம்மோனியா ஊற்றுவார்களே, அதேதான். டியூப்பிலிருந்து வெளியேறிய பால் இந்த வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. நம் வெயிலில் அது சில மாதத்தில் காய்ந்துபோகும், மறுபடியும் ஊற்ற வேண்டும். எங்கள் பழைய ரிம்முக்கு இது ஒத்துவராது. டிபியூ என்ற பிளாஸ்டிக் வகை டியூப்பும் வந்திருக்கிறது, சட்டைப்பையில் அடங்கும் அளவு மெலிந்தது. விலை கூடுதல். எங்களுடையது போல ரிம்மைப் பிடித்து நிறுத்தும் பிரேக் உள்ள சைக்கிளுக்கு அதில் சில வகைகள் ஆகாது, சூடு தாங்காது.

ஆக, கறுப்பு பியூட்டைல் டியூப் இரண்டு, ஒவ்வொன்றும் 10 வெள்ளி. பழைய டியூப்பை எடுத்தபோது அதில் ஏழு ஒட்டு இருந்தது. அதில் நான்கு, ரிம் பக்கமாக. அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் சாலையைக் குறை சொல்லக் கூடாது. ரிம்மின் உட்புறத்துப் பட்டை நகர்ந்து, கம்பிகளின் தலை டியூப்பைக் குத்தியிருக்கிறது. புதிய ரிம் பட்டைக்கு 5 வெள்ளி, ஒட்டுப்போடும் பெட்டிக்கு 6. மொத்தம் 95. மீதி 5 வெள்ளிக்கு இரண்டு பேரும் செண்டோல் சாப்பிட்டோம்.

எவ்வளவு காற்று?

நல்ல டயரையும் தவறான காற்று கெடுத்துவிடும். பக்கச்சுவரில் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் இருக்கும்; எங்கள் டயரில் 35 முதல் 65 பிஎஸ்ஐ. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே என்பதை ஓட்டுபவரின் எடை தீர்மானிக்கும். தம்பி 45 கிலோதான். முன்னால் 38, பின்னால் 42 என்று தொடங்கினோம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள். 30க்கும் 50க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரிவதில்லை, நாங்கள் இருவரும் பந்தயம் கட்டித் தோற்றோம். எண்ணெய் நிலையத்து இயந்திரம் கார் டயருக்கானது, சைக்கிள் டியூப்பைக் கண்ணிமைப்பதற்குள் நிரப்பிவிடும். அங்கே அடிப்பதானால் முதலில் எண்ணைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். அது கிலோபாஸ்கலில் காட்டினால் 40 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய 275.

அம்மாவுக்குக் காட்ட ஒரு சோதனை தேவைப்பட்டது. அடுத்த மழை விட்டதும் தம்பி முன்னால் ஓட்ட, அம்மா வாசலில் நின்று பார்க்க, நான் விழுந்த அதே திருப்பத்துக்குப் போனோம். வெள்ளைக் கோட்டை அவன் நேராகக் கடந்து, பிறகு திரும்பினான். டயர் மட்டும் காரணமில்லை. கோட்டின் மேல் சாயாதே என்று அன்று காலையிலிருந்து பத்து முறையாவது சொல்லியிருந்தேன்.

நான் வளாகத்துக்குத் திரும்பிய மூன்றாவது வாரம் தம்பியிடமிருந்து புலனத்தில் ஒரு படம் வந்தது. தண்ணீர் நிரப்பிய வாளி, அதில் பின்சக்கரத்து டியூப், இரண்டு இடத்தில் குமிழி. கூடவே குரல்பதிவு: "அக்கா, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை. ஆனா டயர்ல முள்ளு கிள்ளு ஒன்னுமே இல்ல."

இரட்டை ஓட்டைக்குப் பாம்புக்கடி என்று பெயர். காற்றுக் குறைந்த டயர் பள்ளத்திலோ கல்லிலோ மோதும்போது, ரிம்மின் இரண்டு ஓரமும் டியூப்பைக் கடித்துவிடும். கடைசியாக எப்போது காற்று பார்த்தாய் என்று கேட்டு அனுப்பினேன். நீல நிற அடையாளம் விழுந்தது. பதில் வர வெகுநேரமாயிற்று.

"நீ போன அன்னைக்கி."